பிராணிகளுள்ள இல்லத்தை ஒப்படைத்துச் செல்லும் முறை

ஊருக்குப் புறப்படுமுன் திறவுகோலை அண்டைவீட்டாரிடம் கொடுத்து, “சற்றே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிச் செல்வது நம்மவர்க்குப் பழைய வழக்கம். பூட்டிய வீட்டிற்கு அது போதும். நாயோ பூனையோ பசுவோ உள்ள வீட்டிற்குப் போதாது. திருவண்ணாமலையில் ரமணாச்சிரமத்தைச் சூழ்ந்த தெருக்களில் குளிர்காலத்தைக் கழிக்கும் அயல்நாட்டார் பலர், பங்குனியில் வெயில் ஏறியதும் தம் நாடு திரும்புகின்றனர். உள்ளூராரும் கோடை விடுமுறையில் உறவினரை நாடிச் செல்கின்றனர். அவர்கள் வளர்த்த பிராணிகள் மாத்திரம் பிறர் பொறுப்பில் இங்கேயே தங்குகின்றன.

இது தொடர்பாக இவ்வூரிலேயே நிகழ்ந்த செய்தியொன்று அறியத்தக்கது. 1926 ஆம் ஆண்டில் அன்பர் ஒருவர் பசுவொன்றையும் அதன் கன்றையும் ரமணாச்சிரமத்திற்குக் காணிக்கையாகக் கொணர்ந்தார். அக்காலத்தில் அங்கே சிறுத்தைகளின் நடமாட்டம் உண்டு. பசுவைக் காக்க ஆளில்லையென்று ரமணர் ஏற்கத் தயங்கினார். சில மாதங்கள் ஆச்சிரமத்திலிருந்தபின், தாயும் கன்றும் நகரத்தில் மாடு வளர்க்கும் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டன. பின்னொரு சமயம் அவர் லக்ஷ்மி என்னும் அக்கன்றை ஆச்சிரமத்திற்கு அழைத்து வந்தார். வழியைக் கண்டுகொண்ட லக்ஷ்மி, அதன்பின் நாள்தோறும் காலையில் தானே ஆச்சிரமத்திற்கு வந்து, மாலையில் நகரத்திற்குத் திரும்பலாயிற்று! 1930 இல் ஆச்சிரமத்திலேயே நிலையாகத் தங்கியது. 1948 ஜூன் 18 இல் உயிர்நீத்தது. அதன் சமாதியை இன்றும் அங்கே காணலாம்.

நகரத்தில் அதற்குத் தீவனக்குறை இருந்ததென்று யாரும் சொல்லவில்லை. மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு பிராணிக்குத் தெரியாது. மனம் பற்றிய இடத்தை அது தேடிப் புறப்பட்டுவிடும். லக்ஷ்மிக்குக் கேடு விளையவில்லை. இன்று செங்கம் சாலையில் விரையும் பேருந்துகளுக்கிடையே, எஜமானைத் தேடி ஒரு நாய் புறப்பட்டால் அது பிழைப்பது அரிது.

ஆதலின், கூடுமானால் பிராணியை வேறிடம் கொண்டுபோகாமல், பார்த்துக்கொள்பவரையே வீட்டிற்கு வரவழைக்க வேண்டும். அதுவும் புறப்படும் நாளன்று அன்று. நான்கைந்து நாள் முன்னரே வந்து, நாம் அருகிருக்கையில் அவரே தம் கையால் உணவிட்டு, உலாவ அழைத்துச் செல்லல் நன்று. உணவும் வேளையும் படுக்கையும் பழையனவாகவே இருக்கட்டும். திடீரென உணவை மாற்றினால் வயிறு கெடும். நாம் உடுத்திய பழந்துணி ஒன்றைப் படுக்கையில் விட்டுச் செல்வதும் உண்டு. அம்மணம் நாய்க்கு ஆறுதல் தரும்.

பிராணியின் குற்றங்குறைகளை மறைத்தலாகாது. தம் பிள்ளையின் குறும்பை ஒப்புக்கொள்வோரும் தம் நாயின் கடிகுணத்தை ஒப்புவதில்லை! உண்ணும்போது நெருங்கினால் உறுமுமா, வாயில் திறந்தால் ஓடுமா என்பனவற்றையும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட நாளையும், கால்நடை வைத்தியரின் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுக. பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்பதையும் அதில் சேர்க்க. வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைத்தல் மிக மிக அரிது.

வீட்டைப்பற்றிச் சொல்லவேண்டியது சொற்பமே. மோட்டார் போடும் வேளை, எரிவாயு உருளையை மூடும் விதம், குரங்குகள் நுழையும் ஜன்னல் எது என்பவற்றை நேரிற் காட்டுதல் போதும். சித்திரை, வைகாசியில் தண்ணீர்ப் பாத்திரம் நிழலில் எப்பொழுதும் நிறைந்திருத்தல் வேண்டும். சுடும் தார்ச்சாலையில் நாயை நடத்தலாகாது. கார்த்திகை தீபத்தன்று வெடியோசைக்கும் ஜனத்திரளுக்கும் அஞ்சி நாய்கள் கண்மண் தெரியாமல் ஓடக்கூடும். பொழுது சாயுமுன் உள்ளறையில் அடைத்து, துணைக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும். அவ்வாரத்தில் வெளியூர்ப் பயணத்தையே தவிர்ப்பது உத்தமம் என்பது என் கருத்து.

மற்றொன்று, பலர் நினையாதது. 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் இம்மலைச்சரிவில் மண் சரிந்து ஏழுபேர் மாண்டனர். ஒப்புக்கொண்ட கடமையை எண்ணி, ஆபத்திலும் வீட்டைவிட்டு அகலத் தயங்குபவர் உண்டு. அபாயம் கண்டால் பிராணிகளை அவிழ்த்து அழைத்துக்கொண்டு உடனே வெளியேறலாம், பொருள் போனாற் போகட்டும் என்று முன்னரே வாய்விட்டுச் சொல்லிவிடுக. பிராணி நோயுற்றால் நம்மைக் கேளாமலே வைத்தியம் செய்விக்கலாம் என்ற அனுமதியை எழுதிக் கையொப்பமிட்டு, அதற்குரிய பணத்தையும் அவரிடம் முன்னதாகவே கொடுத்துச் செல்லல் வேண்டும்.