வானொலி அலையும் வைத்தியக் கருவியும்

வானொலிப் பெட்டி பாடிக்கொண்டிருக்கையில், அருகிலுள்ள மின்விளக்கின் ஆளியை அழுத்தினால், இடையே ‘கரகர’ என்றோர் ஓசை புகுவதை நேயர்கள் பலரும் கேட்டிருப்பர். அதனால் பாட்டு ஒரு கணம் கெடும், அவ்வளவே. அத்தகைய குறுக்கீடு நோயாளியின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியினுள் புகுமாயின், கெடுவது வைத்தியரின் கணிப்பு. ஆதலின், வைத்தியக் கருவிகளை வானொலி அலைகளினின்றும் காத்தல் இக்காலத்தில் இன்றியமையாததொன்றாகிவிட்டது.

இதனை விளக்க மட்டக்களப்பு வாவியே நல்லதோர் உவமையைத் தருகின்றது. பூரணை இரவில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலிட்டு மறு முனையைக் காதோடு சேர்த்தால், வாவியின் பாட்டுக் கேட்கும் என்பர். அது மீனின் குரலோ ஊரியின் ஒலியோ என்பது வேறு வழக்கு. அவ்வேளை இயந்திரப் படகொன்று அருகே சென்றால் அம்மெல்லொலி மறைந்துவிடும். ஏனெனில், துடுப்பு பாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து ஏந்துவதில்லை. இரைச்சலையும் சேர்த்தே ஏந்துகின்றது.

இதயத்தின் மின்னோசையும் அத்தகைய மெல்லொலியே. மார்பின் தோலில் அது ஏறக்குறைய 1 மில்லிவோல்ற்று அளவினது. மூளையின் மின்னோசை அதனினும் பன்மடங்கு சிறியது. அவற்றை ஏந்திச் செல்லும் நீண்ட கம்பிகள், விரும்பியோ விரும்பாமலோ, வானொலியின் ஏரியலைப் போலவும் தொழிற்படுகின்றன. அவ்வாறு நுழையும் அலையைக் கருவியினுள் உள்ள குறைகடத்தி உறுப்புகள், பழைய பளிங்கு வானொலியைப் போல, பிரித்தெடுத்துவிடுகின்றன. இரண்டாம் தலைமுறைக் கைத்தொலைபேசி வினாடிக்கு ஏறக்குறைய 217 முறை விட்டுவிட்டு அலையை வெளியிடுவது. செவிப்புலக் கருவி அணிந்தோர் அதனை ஒரு ரீங்காரமாகக் கேட்பதற்குக் காரணம் இதுவே.

இதயமுடுக்கியின் நிலை இன்னும் நுட்பமானது. 1958ஆம் ஆண்டு சுவீடனில் முதன்முதலாக மனித உடலினுள் பொருத்தப்பட்ட இக்கருவி, இன்று இதயத்தின் இயல்பான துடிப்பைக் கவனித்திருந்து, அது தவறும்போது மட்டும் துடிப்பைத் தூண்டுகின்றது. புறத்தேயிருந்து வரும் இரைச்சலை இதயத்தின் துடிப்பென மயங்கினால், தூண்டவேண்டிய வேளையில் அது வாளாவிருந்துவிடும். இக்காலக் கருவிகளில் உலோக உறையும் வடிகட்டிகளும் இருப்பதால் இவ்வாபத்து மிகவும் குறைந்துள்ளது. எனினும், கைத்தொலைபேசியை இதயமுடுக்கியினின்றும் 15 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் விலக்கி வைக்குமாறு வைத்தியர்கள் அறிவுறுத்துகின்றனர்.

இங்கே மக்களிடையே உள்ள ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். வானளாவிய கோபுரத்தைக் கண்டு அஞ்சுவோர் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியைப் பொருட்படுத்துவதில்லை. அலையின் மின்புல வலிமை, தொலைவு இருமடங்காகும்போது ஏறக்குறைய பாதியாகிவிடும். எனவே, தொலைவிலுள்ள கோபுரத்தைவிட மார்போடு ஒட்டிய சிறு தொலைபேசியே பெரும்பாலும் வலிய அலையைத் தருகின்றது. அதுமட்டுமன்று, கோபுரம் தொலைவிலிருந்தால், அதனை எட்டுவதற்காகத் தொலைபேசி தன் வலுவைக் கூட்டிக்கொள்ளும். எழுவான்கரையின் நகர்ப்புறத்தில் மெல்லப் பேசும் அதே தொலைபேசி, படுவான்கரையில் அலை எட்டாத வயற்புறத்திலே உரக்கக் கூவ நேரலாம்.

ஆயினும் தொலைவிலுள்ள நிலையங்களால் தீங்கே இல்லை என்று கூறிவிடவும் இயலாது. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையம் புதிய இலக்கமுறை ஒளிபரப்பைச் சோதித்தபோது, வைத்தியசாலையொன்றின் கம்பியில்லா இதயக் கண்காணிப்புக் கருவிகள் செயலிழந்தன. இரண்டும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தியதே காரணம். நோயாளிகளுக்கு ஊறு நேரவில்லை. எனினும், 2000ஆம் ஆண்டில் அந்நாடு இக்கருவிகளுக்கென 608 முதல் 614 மெகாஹேர்ட்ஸ் வரையிலான பகுதி உட்படத் தனி அலைவரிசைகளை ஒதுக்கியது.

பாதுகாப்பின் முதற்பங்கு கருவி செய்வோருடையது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 2014ஆம் ஆண்டு நியமம், வைத்தியசாலைக் கருவிகள் பொதுவாக மீற்றருக்கு 3 வோல்ற்று வலிமையுள்ள அலையையும், வீட்டில் பயன்படுத்தும் கருவிகள் 10 வோல்ற்று வலிமையையும் தாங்க வேண்டுமெனக் கூறுகின்றது. வீட்டிலே எது எதனருகே வைக்கப்படும் என்பதை மேற்பார்வை செய்ய எவருமில்லை என்பதே இவ்வேறுபாட்டின் கருத்து.

அடுத்த பங்கு வைத்தியசாலையினது. வாவி சூழ்ந்த புளியந்தீவு போன்ற இடங்களில் உவர்க்காற்று உலோக உறைகளின் பொருத்துகளையும் புவித்தொடுப்புகளையும் அரிக்கக்கூடும். துருப்பிடித்த பொருத்து, ஓட்டை விழுந்த கூரை போன்றது. அதன் வழியே அலை உட்புகும். ஆகவே இவற்றைக் காலந்தோறும் சோதித்தல் வேண்டும். வெள்ளமோ புயலோ வந்து, மீட்புப் பணியாளர் கைவானொலிகளோடு விடுதிக்குள் வருங்காலத்தில், தீவிர சிகிச்சைக் கட்டில்களினின்றும் விலகி நின்று பேசுமாறு அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தலும் நன்று.

எஞ்சிய பங்கு மக்களுடையது, அது எளியதும்கூட. இதயமுடுக்கி உடையோர் தொலைபேசியை மறுபுறத்துக் காதில் வைத்துப் பேசலாம். மார்புப் பையைத் தவிர்த்து இடுப்பிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளலாம். நோயாளியைக் காணச் செல்வோர் கட்டிலினருகே தொலைபேசியை எடுக்காது, வெளித் திண்ணைக்குச் சென்று பேசுதல் வேண்டும். பேசும்போது தலைச்சுற்றோ மயக்கமோ தோன்றின், உடனே தொலைபேசியை அகற்றிவிட்டு, தாமதியாது வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.