முட்டை நாற்றத்தை உண்டு வாழ்பவை

எந்தக் கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினாலும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயு அது. லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் உள்ள வெந்நீர் ஊற்றுகளிலும் அதே வாடைதான்.

சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது புகா. காற்றழுத்தம் குறைவு, அதனால் 85 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். நகைப் பட்டறையில் பற்றவைக்க உதவும் வெண்காரத்தை ஒரு காலத்தில் அந்த ஊற்றங்கரைகளில் சுரண்டி எடுத்தார்கள். கை வைத்தால் தோல் வெந்துபோகும் அந்த நீரிலும், அதன் கரையில் பாசிபோல் படர்ந்த படலங்களிலும் சூடு விரும்பும் பாக்டீரியாக்கள் வாழ்வதைக் கொல்கத்தா போஸ் நிறுவன ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அவற்றில் பலவற்றுக்கு வெயில் தேவையில்லை, கந்தகமே போதும். இப்படியும் பிழைக்க முடியும் என்று 1887-இல் காட்டியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. பெஜியடோவா என்ற இழை பாக்டீரியாவை அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சல்ஃபைடு கிடைத்தபோது அதன் உடலுக்குள் கந்தக மணிகள் பளபளத்தன. சல்ஃபைடை நிறுத்தியதும் மணிகள் கரைந்து, சல்ஃபேட்டாக வெளியேறின. பட்டினிக் காலத்துக்குச் சேர்த்து வைத்த தானியம்போல!

சல்ஃபைடு முழுக்க சல்ஃபேட்டாக மாறும்போது ஒவ்வொரு கந்தக அணுவும் 8 எலக்ட்ரான்களை இழக்கிறது. பாக்டீரியா அவற்றைத் தன் சவ்விலுள்ள புரதங்கள் வழியே கைமாற்றி, கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்க்கிறது. வழியில் கிடைக்கும் ஆற்றலால் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அவை திரும்ப உள்ளே பாயும்போது ஒரு புரதச் சக்கரம் நிஜமாகவே சுழல்கிறது. மேட்டூரில் அணை நீர் டர்பைனைச் சுழற்றுகிறதே, அதே வேலைதான். சக்கரத்தின் சுழற்சியில் உருவாகும் ஏடிபி என்ற மூலக்கூறுதான் செல்லுக்குச் செலவுப் பணம். சூடான நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையாது. ஆகவே ஊற்றுநீர் வழிந்து காற்றைத் தொடும் ஓரங்கள் இவற்றுக்கு நல்ல இடம்.

எலக்ட்ரான்களைக் கைமாற்றும் இதே ஏற்பாடு நம் செல்களிலும் உண்டு. ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும் கடைசிப் புரதத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடு முடக்கிவிடும். மூச்சு ஓடினாலும் செல்லால் அந்த ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாது. வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி எந்தத் தொட்டிக்குள்ளும் யாரையும் இறக்காதீர்கள்.