சேதி போய்ச் சேராத சாலை

சிலிம் ரிவரைத் தாண்டி ஈப்போ பக்கம் போகும் பழைய கூட்டரசு சாலையில் இன்று இரண்டு பக்கமும் செம்பனைதான். ஒரு காலத்தில் இங்கே ரப்பர். 1942 ஜனவரி 7ஆம் தேதி, விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கும்போதே, துரோலாக்கிலிருந்து இந்தச் சாலையில் ஜப்பானிய டாங்கிகள் இறங்கி வந்தன. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 11ஆவது டிவிஷன். ஐதராபாத், பஞ்சாப், கூர்க்கா பட்டாளங்களோடு ஸ்காட்லாந்துப் பட்டாளம் ஒன்றும் அதில் இருந்தது.

முன்வரிசை உடைந்துவிட்டது என்ற சேதி பின்னால் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு கூர்க்கா பட்டாளம் எந்த ஆபத்தும் தெரியாமல் வரிசையாகச் சாலையில் நடந்து போய்க்கொண்டிருந்தது. டாங்கிகள் முதுகுப் பக்கமாக வந்து சுட்டன. சிலிம் ஆற்றுப் பாலத்தில் வெடி வைத்துத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் வெடிக்க வைப்பதற்கு முன்பே டாங்கிகள் வந்துவிட்டன. வத்தனாபே என்ற அதிகாரி இறங்கி வெடிக்கம்பியை வாளால் வெட்டினார் என்று போர் வரலாறுகளில் எழுதியிருக்கிறது. நாலே நாளில் கோலாலம்பூர் விழுந்தது. அதன் பிறகு வந்ததுதான் நம் பெரியவர்கள் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று சொன்ன காலம். தோட்டத்து லயங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டது அந்தக் காலத்தில்தான். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

இந்தச் சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் டாங்கிகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். எனக்கு மனதில் நிற்பது வேறு. ஒரே சாலையில், ஒரே எதிரிக்கு முன்னால், அடுத்தடுத்து நின்ற பட்டாளங்கள்; முன்னால் நிற்பவனுக்கு என்ன ஆயிற்று என்று பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவின் போர்களை நிறுத்தப் பாடுபடும் அமைப்புகளின் கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சாலைதான் கண்முன் வருகிறது.

ஆப்பிரிக்கா நமக்குத் தூரத்து விஷயம் என்று தள்ளிவிட முடியாது. மலாயா சுதந்திரம் அடைந்து மூன்றே ஆண்டில், 1960இல், ஐநாவின் கீழ் காங்கோவுக்குப் படை அனுப்பியது. 1993 அக்டோபர் 3ஆம் தேதி சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் அமெரிக்கச் சிறப்புப் படை ஒரு தாக்குதலுக்கு இறங்கி, ஹெலிகாப்டர்கள் விழுந்து, நகரத்துக்குள் மாட்டிக்கொண்டது. அதே நகரத்தில் ஐநா கொடியின் கீழ் இருந்த மலேசியப் படைக்கும் பாகிஸ்தான் படைக்கும் அப்படி ஒரு தாக்குதல் நடக்கப்போகிறது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆபத்து வந்த பிறகுதான் உதவி கேட்டார்கள். பல மணி நேரம் ஒருங்கிணைப்பிலேயே போயிற்று. இரவு பதினொன்றைத் தாண்டிய பிறகே மலேசியாவின் கொண்டோர் கவச வண்டிகளும் பாகிஸ்தான் டாங்கிகளும் புறப்பட்டன. அமெரிக்க வீரர்கள் ஏறுவதற்காக நம் வீரர்கள் தங்கள் இடத்தைவிட்டு இறங்கினார்கள். ஓட்டுநரும் துப்பாக்கி இயக்குபவரும் மட்டும் வண்டியில் போனார்கள். அந்த இரவில் உயிர்விட்டவர்களில் மாட் அஸ்னான் அவாங் என்ற மலேசிய வீரரும் ஒருவர்.

சரி, இன்று ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் சண்டை மூண்டால் யார் போவது? கேள்வி சின்னது, பதில் சிக்கலானது.

1963இல் அடிஸ் அபாபாவில் உருவான ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் இன்னொரு நாடு தலையிடக்கூடாது என்பதைக் கொள்கையாக வைத்திருந்தது. 1994இல் ருவாண்டாவில் நூறே நாளில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது அந்தக் கொள்கையால் யாரையும் காப்பாற்ற முடியவில்லை. 2002இல் அதன் இடத்தில் வந்த ஆப்பிரிக்க ஒன்றியம், இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்ற நிலைகளில் தலையிடும் உரிமையைத் தன் சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. 55 நாடுகளின் சார்பில் முடிவெடுக்க 15 நாடுகள் கொண்ட அமைதி, பாதுகாப்பு மன்றம் ஒன்றும் 2004இல் இயங்கத் தொடங்கியது.

இதற்குக் கீழே வட்டார அமைப்புகள் இருக்கின்றன. ஒன்றியம் அங்கீகரித்தவை எட்டு. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு எக்கோவாஸ், தெற்குக்கு சாடெக், ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளுக்கு இகாட், பிறகு கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் என்று போகிறது பட்டியல். பெரும்பாலானவை வாணிபத்துக்காகத் தொடங்கியவை. பக்கத்து வீடு எரியும்போது சந்தைக் கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பாதுகாப்பு வேலைக்கும் வந்தவை. ஆப்பிரிக்காவின் அமைதிக்கு முதன்மைப் பொறுப்பு ஒன்றியத்துக்கே என்று அதன் விதிகள் சொல்கின்றன. ஆனால் சம்பவ இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில் போகட்டும் என்ற வழக்கமும் இருக்கிறது. 2008இல் இரு தரப்பும் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. முரண்பாடு வந்தால் யார் சொல் இறுதி என்பது அதிலும் கூர்மையாகச் சொல்லப்படவில்லை. கிராணி ஒன்று சொல்லி, கங்காணி ஒன்று சொன்னால் நிரையில் நிற்பவர் பாடு என்ன என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வட்டாரம் முந்திக்கொண்டு போனதற்கு முதல் பெரிய உதாரணம் லைபீரியா. 1990 ஆகஸ்டில் எக்கோவாஸ் படை, நைஜீரியா தலைமையில், மன்ரோவியாவில் இறங்கியது. உலகம் திரும்பிப் பார்க்காத நேரத்தில் பக்கத்து நாடுகள் போனது பெரிய காரியம். ஆனால் பக்கத்து நாடு என்றால் அதற்கென்று சொந்தக் கணக்கும் இருக்கும். சியரா லியோனில் இதை இந்திய ராணுவமே அனுபவித்தது. அங்கே முதலில் இருந்தது எக்கோவாஸ் படை. 1999 இறுதியில் ஐநா படை வந்தது. அதற்கு இந்தியாவின் மேஜர் ஜெனரல் விஜய் ஜேட்லி தளபதி. எக்கோவாஸிலிருந்த நைஜீரியப் பட்டாளங்கள் சில ஐநா தொப்பிக்கு மாறின. 2000 மே மாதம் கிளர்ச்சியாளர்கள் ஐநா வீரர்கள் நூற்றுக்கணக்கானோரைப் பிணை பிடித்தார்கள். கைலாஹுனில் இந்திய வீரர்கள் இருநூறு பேருக்கு மேல் சுமார் இரண்டரை மாதம் முற்றுகையில் கிடந்தார்கள். ஜூலையில் ‘குக்ரி’ நடவடிக்கையில் கானா, நைஜீரியப் பட்டாளங்களின் துணையோடும் பிரிட்டிஷ் ஹெலிகாப்டர்களோடும் அவர்கள் மீட்கப்பட்டார்கள். களத்தில் கைகோக்க முடிந்தது. தலைமையில் முடியவில்லை. நைஜீரிய அதிகாரிகள் தன்னைக் கீழறுப்பதாகவும் வைர வியாபாரத்தோடு தொடர்பு வைத்திருப்பதாகவும் ஜேட்லி எழுதிய குறிப்பு வெளியே கசிந்தது. நைஜீரியா கடுமையாக மறுத்தது. அந்த ஆண்டே இந்தியா தன் படையைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது.

எல்லாம் சரியாக நடந்த ஒரு கதையும் உண்டு. அதை நின்று சொல்ல வேண்டும். காம்பியாவில் 22 ஆண்டு ஆண்ட யாயா ஜாமே, 2016 டிசம்பர் தேர்தலில் அடாமா பாரோவிடம் தோற்றார். முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டவர், ஒரு வாரத்தில் மாறிவிட்டார். மேற்கு ஆப்பிரிக்கத் தலைவர்கள் நேரில் போய்ப் பேசினார்கள், கேட்கவில்லை. ஜனவரி 13இல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மன்றம், 19ஆம் தேதி முதல் ஜாமேயை அதிபராக ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. 19ஆம் தேதி பாரோ பக்கத்து நாடான செனகலில், காம்பியாவின் தூதரகத்தில், பதவியேற்றார். அதே நாள் ஐநா பாதுகாப்பு மன்றம் எக்கோவாஸின் முயற்சிகளை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அன்றே செனகல் தலைமையில் எக்கோவாஸ் படை எல்லை தாண்டியது. உள்ளே போன படை, பேச்சுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்க நின்றது. கினி, மொரித்தானியா அதிபர்கள் தலைநகர் பாஞ்சுல் போய்ப் பேசினார்கள். 21ஆம் தேதி ஜாமே விமானம் ஏறினார். வட்டாரம் முன்னால், கண்டம் அதன் பின்னால், உலகம் அதற்கும் பின்னால். மூன்று அடுக்கிலும் ஒரே வாக்கு, ஒரே தேதி.

நைஜரில் அந்த ஒற்றுமை கிடைக்கவில்லை. 2023 ஜூலையில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், ஒரு வாரத்தில் அதிபரை மீண்டும் பதவியில் அமர்த்தாவிட்டால் படை வரலாம் என்று எக்கோவாஸ் மிரட்டியது. ஒன்றியத்தின் மன்றம் நைஜரை இடைநீக்கம் செய்தது, படை அனுப்ப ஒப்புதல் தரவில்லை. கெடு முடிந்தது, எதுவும் நடக்கவில்லை. நைஜர், மாலி, புர்கினா பாசோ மூன்றும் 2025 ஜனவரியில் எக்கோவாஸைவிட்டே வெளியேறிவிட்டன.

காங்கோ ஜனநாயகக் குடியரசுதான் நெஞ்சைப் பிசைகிறது. அது ஒரே நேரத்தில் நான்கு வட்டார அமைப்புகளில் உறுப்பினர். கிழக்கில் எம்23 கிளர்ச்சியாளர்களை எதிர்கொள்ள 2022இல் கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தின் படை வந்தது. சண்டையிட மறுக்கிறது என்று காங்கோ குற்றம் சொல்லி, 2023 டிசம்பரில் அனுப்பிவிட்டது. அதே மாதம் சாடெக் படை வந்தது. எம்23க்கு ருவாண்டா உதவுகிறது என்று ஐநா நிபுணர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள், ருவாண்டா மறுத்தது. அந்த ருவாண்டா கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தில் உறுப்பினர். சமரசப் பேச்சு நைரோபியில் ஒன்று, லுவாண்டாவில் ஒன்று என்று தனித்தனியாக நடந்தது. 2025 ஜனவரி கடைசியில் கோமா நகரம் விழுந்தது. தென்னாப்பிரிக்க வீரர்கள் 14 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, பிப்ரவரி 8இல்தான், இரண்டு வட்டார அமைப்புகளும் டார் எஸ் சலாமில் ஒன்றாக உட்கார்ந்து இரண்டு பேச்சையும் ஒன்றாக்க முடிவு செய்தன. மார்ச்சில் சாடெக் தன் படையை முடித்துக்கொண்டது. கோமா விழுவதற்கு முன்பே அந்தக் கூட்டம் நடந்திருக்கக்கூடாதா என்று ஆதங்கப்படாமல் இருக்க முடியவில்லை.

ஆசியானில் இருக்கும் நாம் இதைத் தள்ளி நின்று பார்க்கும் நிலையில் இல்லை. நமக்கு ஆப்பிரிக்காவைப் போல் அமைதி மன்றமோ தயார்நிலைப் படையோ கிடையாது. 2025 ஜூலை 28இல் தாய்லாந்தும் கம்போடியாவும் புத்ராஜெயாவில் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டது ஆசியான் தலைமைப் பொறுப்பில் மலேசியா இருந்தபோது நடந்தது. டிசம்பரில் மீண்டும் சண்டை மூண்டது. 2021இல் மியன்மார் நெருக்கடிக்காக ஆசியான் எழுதிய ஐந்து அம்ச உடன்பாடு பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

ஆப்பிரிக்காவில் கடைசியில் வந்து நிற்பது பணம். ஒன்றியம் முடிவெடுக்கலாம், வட்டாரம் படை தரலாம், சம்பளமும் எண்ணெயும் மருந்தும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. சொந்தப் பணம் திரட்ட, இறக்குமதியில் 0.2 விழுக்காடு வரி என்று 2016இல் கிகாலியில் முடிவு செய்தார்கள். எல்லா நாடும் வசூலிக்கவில்லை. 2023 டிசம்பரில் ஐநா பாதுகாப்பு மன்றம் 2719ஆவது தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. ஒன்றியத்தின் தலைமையில் நடக்கும் அமைதிப்பணிக்கு, தனித்தனியாகப் பரிசீலித்து, செலவில் 75 விழுக்காடு வரை ஐநாவின் கட்டாயச் சந்தாவிலிருந்து தரலாம் என்றது அது. ஆப்பிரிக்கா பல ஆண்டு கேட்டுக்கொண்டிருந்த விஷயம்.

அதை முதலில் பயன்படுத்தியிருக்க வேண்டிய இடம் சோமாலியா. 1993இல் நம் கொண்டோர்கள் இரவில் ஓடிய அதே மொகடிஷுவில், 2007 மார்ச்சில் உகாண்டா வீரர்கள் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் கொடியோடு இறங்கினார்கள். பெயர் இரண்டு முறை மாறியும் பணி இன்னும் முடியவில்லை. 2025 ஜனவரியில் மூன்றாவது பெயரில் தொடங்கிய பணிக்கு 2719இன் பணம் உண்டா இல்லையா என்று அந்த ஆண்டு மே மாதம் பாதுகாப்பு மன்றம் சொல்வதாக இருந்தது. அமெரிக்கா ஒப்பவில்லை. மே முடிந்தது, எந்தச் சேதியும் வரவில்லை.