சோதனைக் குழாயில் வென்றது உடம்பில் வெல்லுமா?

முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் விரல்களைக் கறுக்கவைக்கும் ஓட்டெண்ணெயில் அனகார்டிக் அமிலம் இருக்கிறது. அது பி300 என்ற என்சைமைத் தடுக்கிறது என்று 2003-ல் அறிவித்தது, பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் தபஸ் குண்டு குழு. மறு ஆண்டே கோகம் பழத்தோலின் கார்சினாலும் மஞ்சளின் குர்குமினும் பட்டியலில் சேர்ந்தன. செல்லுக்குள் டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்ற புரதத்தின்மேல் நூற்கண்டுபோல் சுற்றிக் கிடக்கிறது. ஹிஸ்டோனில் பி300 ஓர் அசிட்டைல் துணுக்கை ஒட்டினால் சுற்று தளர்ந்து, அங்குள்ள மரபணு வேலை செய்யத் தொடங்கும். மரபணுவின் எழுத்து மாறாமலே அதன் வேலையை மாற்றுவதுதான் எபிஜெனடிக்ஸ். புற்றுநோயில் இந்த ஏற்பாடு தாறுமாறாகிறது. எழுத்துப்பிழையைத் திருத்துவது கடினம், ஒட்டியதைப் பிரிக்கலாம். இத்தகைய என்சைம்களைத் தடுக்கும் மருந்துகளின்மேல் நம்பிக்கை பிறந்தது அதனால்தான்.

ஆனால் என்சைமைத் தடுப்பது பாதி வேலைகூட இல்லை. கார்சினால் பி300-ஐ மட்டுமல்ல, பி.சி.ஏ.எஃப். என்ற இன்னொரு என்சைமையும் தடுத்தது; செல்களையும் கொன்றது. அதே குழு அதன் மூலக்கூறைச் சற்று மாற்றி, 2007-ல் வெளியிட்ட எல்.டி.கே-14 பி300-ஐ மட்டும் தடுத்தது. நோயெதிர்ப்பு வேலை செய்யும் டி செல்களுக்கு நஞ்சாகவும் இல்லை. இயற்கைப் பொருள் தொடக்கம்தான். செதுக்கிய பிறகே அது மருந்தாகும் வாய்ப்பைப் பெறுகிறது. வேப்பம்பட்டில் ரயிலேறி அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகும் நோயாளியிடம், "தினம் சாப்பிடும் மஞ்சள்தானே, அதுவே போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பிட்ட குர்குமின் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளை 2017-ல் அலசிய வேதியியலாளர்கள், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாக நடந்த எதிலும் அது வெல்லவில்லை என்றார்கள். ஆய்வகச் சோதனைகளிலேயே அது பொய்யான பலனைக் காட்டி ஏமாற்றக்கூடியது.

ஆரோக்கியமான செல்லுக்கும் இந்த என்சைம்கள் வேண்டுமே, தடுத்தால் ஆபத்தில்லையா என்பது இன்னும் வலுவான கேள்வி. அதற்கு அசாசைட்டிடின் என்ற மருந்து பதில் சொல்கிறது. 1964-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவான இதை, முதலில் செல்லைக் கொல்லும் பெரிய அளவில் கொடுத்தார்கள், நோயாளிகள் தாங்கவில்லை. இது டி.என்.ஏ.வில் மெத்தில் என்ற துணுக்கை ஒட்டும் வேறொரு என்சைமை முடக்குகிறது என்பது 1980-ல் தெளிவானது. பிறகு குறைந்த அளவில் கொடுத்தபோது பலன் தெரிந்தது. 2004-ல் அமெரிக்கா அனுமதித்தது. எம்.டி.எஸ். என்ற ரத்த நோயின் தீவிர வகையில் வழக்கமான சிகிச்சை பெற்றோரின் இடைநிலை ஆயுள் 15 மாதம், இதைப் பெற்றோருக்கு 24.5 மாதம் என்று 2009-ல் வெளியான சோதனை காட்டியது. முழுக் குணம் இல்லை என்றாலும் அளந்து பார்த்த பலன் இது. ஆகவே 'புற்றுநோய் என்சைமைத் தடுக்கும்' என்ற செய்தியைப் படித்தால், அந்த ஒன்றை மட்டும் தடுக்கிறதா, உடம்பு தாங்கும் அளவில் போய்ச் சேருகிறதா, ஒப்பிட்டுப் பார்த்ததில் ஆயுள் கூடியதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வரும்வரை அது ஆய்வுச் செய்திதான். அதை நம்பி நடக்கும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது.