புலச்செறிவு: சொல்லும் ஆட்சியும்

விசை உணரப்படும் வெளியை இயற்பியல் 'புலம்' என்கிறது. வயலைக் குறிக்கும் இச்சொல் தென்புலம், வடபுலம் என்னும் வழக்குகளில் திசையையும் சுட்டும்; தேர்வு நன்றே. மலையாளம் இக்கருத்துக்கு மண்டலம், க்ஷேத்ரம் என்னும் வடசொற்களை ஆள்கிறது. சிக்கல் 'செறிவு' என்னும் பின்னுறுப்பில்தான் உள்ளது.

ஓரலகு நேர்மின்னூட்டம் ஒரு புள்ளியில் உணரும் விசையே அப்புள்ளியின் மின்புலச்செறிவு. அது அளவோடு திசையும் உடையது. செறிவு என்பதோ நெருக்கத்தை மட்டும் உணர்த்தும். கரைசலுக்கும் ஒளிக்கும் அதுவே வழங்குகிறது. 'புலவலிமை' விசையை நினைவூட்டுவதால் சற்று மேலானது எனலாம். எனினும் பாடநூல்களில் பெரிதும் பழகியது செறிவே.

திசையை மறந்தால் நேரும் பிழையைத் திருவனந்தபுரம் மறைத்துவிடும். 1837-இல் சுவாதித் திருநாள் காலத்தில் நிறுவப்பட்ட அந்நகர வானாய்வகத்தில் ஜான் ஆலன் பிரௌன் 1852 முதல் 1865 வரை பொறுப்பேற்றுப் புவிக்காந்த நோக்கீடுகளை நடத்தினார். அத்துறை கூறும் 'கிடைச்செறிவு' முழுச்செறிவின் கிடைமட்டக் கூறு மட்டுமே. காந்த நடுக்கோட்டை அடுத்த இந்நகரில் புலம் ஏறத்தாழக் கிடையாகவே அமைவதால் இரண்டும் சுமார் 40,000 நானோடெஸ்லா. மொழிபெயர்ப்பாளர் 'கிடை' என்னும் அடையை விட்டாலும் எண் பொய்க்காது. காந்த முனையிலோ முழுச்செறிவு மிக்கிருக்க, கிடைச்செறிவு சுழியாகிவிடும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஆம்பியர்/மீட்டரில் அளப்பது காந்தப்புலச்செறிவு. டெஸ்லாவில் அளப்பது காந்தப்பாய அடர்த்தி. புவிக்காந்தவியலாரோ டெஸ்லாவில் அளப்பதையும் செறிவென்றே வழங்குவர். ஆதலின் மூலத்திலுள்ள அலகை நோக்கிய பின்னரே தமிழ்ச்சொல்லைத் தெரிதல் வேண்டும்.