உங்களுக்குத் தெரியுமா? வழவழப்பால் வந்த வினை

ஹார்ட் டிஸ்க் ஓடும்போது, தட்டில் தகவலை எழுதிப் படிக்கும் அதன் ஹெட், தட்டைத் தொடுவதே இல்லை. சுழலும் தட்டோடு இழுபட்டு வரும் காற்றுதான் ஹெட்டைத் தூக்கி நிறுத்துகிறது. இன்றைய டிரைவ்களில் இந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமனோ சுமார் 80,000 நானோமீட்டர்!

1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கான ராமாக்கில் கம்ப்ரஸர் வைத்துக் காற்றடித்து ஹெட்டை மிதக்க விட்டார்கள். இடைவெளி சுமார் 20 மைக்ரான்.

சரி, டிஸ்க் நின்றால் ஹெட் எங்கே போகும்? 1973-ல் வந்த ஐபிஎம் 3340, அதாவது 'வின்செஸ்டர்', அதைத் தட்டின் மேலேயே இறங்கி உட்கார விட்டது. உரசித் தேயாமலிருக்கத் தட்டில் மெல்லிய மசகுப் பூச்சு. பின்னால் வந்த சின்ன டிரைவ்களும் இதே வழியில்தான் போயின.

வம்பு அங்கேதான் தொடங்கியது. தட்டை வழவழப்பாக்கினால் ஹெட் இன்னும் தாழப் பறக்கலாம், நிறைய பதியலாம். ஆனால் நிற்கும்போது இரண்டு வழவழப்பான பரப்புகளும் நெருங்கிப் படிகின்றன. இடுக்கில் மசகும் காற்றின் ஈரமும் புகுந்தால், நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் போல ஒட்டிக்கொள்கின்றன. மோட்டார் எவ்வளவு முக்கினாலும் தட்டு அசையாது. இதற்கு 'ஸ்டிக்ஷன்' என்று பெயர். 1980-களின் இறுதியில் பல கணினிகளை இது படுத்தியெடுத்தது. டிரைவைக் கையில் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினால் சில சமயம் பிடி விட்டு ஓடத் தொடங்கும். ஓடியதும் முதல் வேலை, உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு காப்பி எடுப்பது!

1990-களில் கிடைத்த தீர்வு அபாரமானது. அரும்பாடுபட்டு வழவழப்பாக்கிய தட்டில், ஹெட் இறங்கும் உள்வளையத்தை மட்டும் லேசரால் வேண்டுமென்றே சொரசொரப்பாக்கினார்கள். வரிசை வரிசையாகக் குட்டி மேடுகள். உயரம் சில பத்து நானோமீட்டருக்குள். ஹெட் அவற்றின் உச்சியில் மட்டும் பட்டு நிற்பதால் ஒட்டுவதற்கு இடமே இல்லை. தகவல் பதியும் பகுதி பழையபடி வழவழப்பாகவே இருந்தது.

  

இப்போதெல்லாம் ஹெட் தட்டில் இறங்குவதே இல்லை. தட்டின் ஓரத்திலுள்ள சிறு சரிவுமேடையில் ஏறி ஒதுங்கிவிடுகிறது. திடீரென்று கரண்ட் போனாலும்கூட. அந்த நேரத்தில் சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்தாலேயே மோட்டார் ஜெனரேட்டராகி, ஹெட் ஒதுங்குவதற்கான மின்சாரத்தைத் தந்துவிடுகிறது.