கோல் போட்டவருக்கு மாலை, தடுத்தவருக்கு?

பூனாத் தமிழர்களுக்கு ஹாக்கி என்றதும் நினைவுக்கு வரும் பெயர் தன்ராஜ் பிள்ளை. கிர்க்கி என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லும் கட்கியில், 1968-இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வெடிமருந்துத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரித்த ஊழியர். உடைந்த மட்டைகளை வைத்துக்கொண்டு ஆடப் பழகிய அந்தப் பையன் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை என்று ஆடித் தீர்த்தார். 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அணித் தலைவராகத் தங்கமும் வாங்கித் தந்தார். "நம்ம ஊர்ப் பையன்" என்று நாம் மார்தட்டிக் கொள்வதில் தவறே இல்லை.

இன்று நான் எழுத வந்தது அவரைப் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று கோலைக் காப்பவர்களைப் பற்றி. எழுதத் தூண்டியது 2025 ஜூன் மாதத்து வயிற்றெரிச்சல்.

அந்த மாதம் நம் ஆண்கள் அணி புரோ லீக் போட்டிகளுக்காக ஐரோப்பா சென்றது. ரிட்டயர் ஆனவனுக்கு டி.வி. முன்னால் உட்கார நேரத்துக்கா பஞ்சம்? எட்டு ஆட்டங்களையும் விடாமல் பார்த்தேன். நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் இரு முறையும் 2-3. பெல்ஜியத்திடம் 3-6. வரிசையாக ஏழு தோல்விகள்! கடைசி நாளில் பெல்ஜியத்தை 4-3 என்று வென்றதுதான் ஒரே ஆறுதல்.

வாசகர்கள் இந்தக் கணக்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஏழு தோல்விகளில் ஆறு, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வந்தவை. எட்டு ஆட்டங்களில் நாம் போட்டது 18 கோல். மோசமில்லை. வாங்கியது 26. அதாவது ஆட்டத்துக்கு மூன்றுக்கும் மேலே. ஆறு ஓட்டைகளை அடைத்திருந்தால் ஆறு தோல்விகளும் டிராவாகியிருக்கும்.

இத்தனைக்கும் பத்து மாதங்களுக்கு முன்புதான் இதே அணி பாரிஸில் தடுப்பாட்டத்துக்கே பாடம் நடத்தியது. 2024 ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, நாற்பது நிமிடங்களுக்கும் மேலாகப் பத்துப் பேராக நின்று 1-1 என்று காத்தார்கள். பிறகு ஷூட்-அவுட்டில் வென்றார்கள். வெண்கலத்தோடு கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார்.

"அவர் போனார், கோட்டை இடிந்தது" என்று எங்கள் காலை நடை நண்பர்கள் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. ரயில்வேயில் ஒற்றைப் பாதையில் ஒரு விதி உண்டு. அடுத்த ஸ்டேஷன் 'லைன் கிளியர்' கொடுக்காமல் இந்த ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்படக் கூடாது. பேக் ஆடுவதும் அப்படித்தான். ஒருவர் பந்தோடு முன்னேறினால், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் வந்துவிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். நான் பார்த்தவரையில் அந்த ஜூன் மாதத்தில் லைன் கிளியர் இல்லாமலே வண்டிகள் ஓடின. நடுக்களத்தில் பந்து பறிபோகும். பின்னால் ஆள் இருக்காது. அவசரத்தில் காலில் பட்டு பெனால்டி கார்னர் ஆகும். அப்போது கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டில் நிற்கலாம். மற்றவர்கள் மையக் கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். ஐந்து பேரை வைத்துக்கொண்டு எத்தனை முறை தப்பிப்பது? பந்து வலைக்குள் போகும்போது காமிரா காட்டுவது கோல்கீப்பர் முகத்தை. தவறு தொடங்கியதோ ஐம்பது கஜத்துக்கு அப்பால்!

ஒருவர் தலையில் பழியைப் போடுவது நமக்குப் புதிதல்ல. 1982 டில்லி ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றபோது, கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகியைத் துரோகி என்றே தூற்றினார்கள். பதினோரு பேர் ஆடிய ஆட்டம், சுமந்தவர் ஒருவர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றிருந்தால் நமக்கு அரையிறுதி. 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது ஒரு கோல் வாங்கி வெளியேறினோம். அந்த அணியில் தன்ராஜும் இருந்தார். முன்னே எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இருந்தாலும், பின்னே கதவு திறந்திருந்தால் என்ன பயன்?

அவருடைய பாங்காக் தங்கத்தின் கதையும் அதுதான். இறுதியில் கொரியாவோடு 1-1 என்று நின்று டை-பிரேக்கருக்குப் போனது. அங்கே கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் தடுத்த ஸ்ட்ரோக்குகள்தான் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நமக்கு ஆசியத் தங்கத்தைத் தந்தன. பல்லால் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அணி பிறகு சுதாரித்துக் கொண்டது உண்மை. 2025 செப்டம்பரில் ராஜ்கிரில் கொரியாவை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பைத் தகுதியையும் பெற்றது. ஆனால் டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில், ஸ்ரீஜேஷ் பயிற்சியளித்த நம் இளைஞர்கள் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று சரிந்தார்கள். பிறகு அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் பெற்றார்கள். கோல் போட நமக்குத் தெரிகிறது. காக்கத்தான் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறை மைதானத்திலிருந்து மட்டும் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் குடியிருப்பில் மாலையில் மட்டை பிடிக்கும் பையன்களிடம் "யார் பேக்?" என்று கேட்டால் எல்லோரும் பக்கத்துப் பையனைக் காட்டுகிறார்கள். கடைசியில் குண்டான பையனோ, சின்னப் பையனோ பின்னால் தள்ளப்படுகிறான். தண்டவாளத்தில் தினமும் நடந்து, ஒவ்வொரு சாவியையும் தட்டிப் பார்க்கும் கீமேன் பெயர் எந்தப் பயணிக்கும் தெரியாது. வண்டி தடம் புரண்டால் மட்டும் அவரைத் தேடுவார்கள். பாராட்டே கிடைக்காத வேலைக்கு எந்தப் பிள்ளை ஆசைப்படும்?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருடாந்திர விளையாட்டு விழாவில் அதிக கோல் போட்டவருக்குக் கோப்பை கொடுக்கிறோம். அடுத்த விழாவிலிருந்து சிறந்த தடுப்பாட்டக்காரருக்கும் அதே அளவில் ஒரு கோப்பை வையுங்கள். அதற்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். அப்புறம் "யார் பேக்?" என்று கேட்டுப் பார்ப்போம். ஒரு கையாவது உயராதா!